கட்டுரை ஓரத்துல 11 தடவ "அதனால?"ன்னு எழுதியிருக்காங்க, என்னதான் எதிர்பாக்குறாங்க?

8 அக்டோபர், ராத்திரி 11.50

நேரா விஷயத்துக்கு வர்றேன். வயசு 39, மலேசியாவுல பினாங்குத் தீவு, பாயான் லெப்பாஸ்ல ஒரு பேக்டரியில டெக்னிஷியன், வீடு அக்கரையில பட்டர்வொர்த். இந்த வருஷந்தான் சனி ஞாயிறு வகுப்புல சேந்து தமிழ் டிகிரி முதலாமாண்டு படிக்கிறேன். முதல் கட்டுரை குறுந்தொகை 40ஆம் பாட்டு, 1500 சொல்லுல "பகுப்பாய்வு செய்க". மூணு நைட் ஷிப்ட்டு முடிச்சுட்டு தூங்காம உக்காந்து எழுதினேன். இன்னிக்கு திரும்பி வந்துச்சு. 41 மார்க்கு. வேற திருத்தம் ஒண்ணுமில்ல, எழுத்துப்பிழைக்குக்கூட வட்டம் போடல, ஓரத்துல பென்சில்ல 11 எடத்துல ஒரே வார்த்த: "அதனால?"

அதனால என்ன அதனால? நான் எஸ்பிஎம் (அஞ்சாம் படிவ அரசாங்க பரீட்சை) 2003ல தமிழ் இலக்கியத்துல 2ஏ எடுத்தவன். அப்பவும் இப்படித்தான் எழுதினேன், நயம் பாராட்டினேன், மார்க்கு குடுத்தாங்க.

என் வாதம் இது: தமிழ்ப் பாட்டு ரசிக்கறதுக்கு. வாதம், ஆதாரம், மறுப்புன்னு கோர்ட்டு கேஸ் மாதிரி எழுதச் சொல்றது வெள்ளக்காரன் பாணி, அத கொண்டாந்து நம்ம பாட்டு மேல ஏத்துறாங்க. மல்லிப்பூவ உதுத்துப் போட்டுட்டு சரத்தக் காணோமேன்னு தேடற கததான். இல்லங்கறவங்க சொல்லுங்க, கேக்கறேன்.

9 அக்டோபர்

பாட்டையும் நான் எழுதினதையும் போடுங்கன்னு ரெண்டு பேரு கேட்டிருக்கீங்க. பாட்டு உங்களுக்கே தெரியும், 1997ல ஒரு படப்பாட்டுல இந்த அடிங்கள எடுத்துப் போட்டதுல இருந்து கல்யாண வீட்டு பேனர் வரைக்கும் வந்துருச்சு.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாங்கலந் தனவே.

எங்கம்மாவும் ஒங்கம்மாவும் யாருக்கு யாரு, எங்கப்பாவும் ஒங்கப்பாவும் எந்த மொறையில சொந்தம், நானும் நீயும் எப்படி ஒருத்தர ஒருத்தர் அறிஞ்சோம், செம்மண்ணுல பெஞ்ச மழத்தண்ணி மாதிரி அன்புள்ள நெஞ்சு ரெண்டும் தானா கலந்துருச்சு. அவ்வளவுதான் பாட்டு. எழுதினவரு பேருகூட தெரியாது, பாட்டுல வர்ற அந்த உவமையையே பேரா வச்சு செம்புலப்பெயனீரார்னு சொல்லிட்டாங்க.

இப்ப என் கட்டுரையோட மொத பாரா, சிரிக்காதீங்க:

"செம்புலப்பெயனீரார் இப்பாடலில் தலைவன் தலைவியின் காதலை மிக அழகாக எடுத்தியம்பியுள்ளார். (அதனால?) இப்பாடல் குறிஞ்சித் திணையைச் சார்ந்தது. குறிஞ்சி என்பது மலையும் மலை சார்ந்த இடமும் ஆகும். (அதனால?) செம்மண்ணில் பெய்த மழைநீர் போல என்னும் உவமை படிப்போர் நெஞ்சை அள்ளுகிறது. (அதனால?)"

டைப் பண்ணி இங்க ஏத்தறப்பதான் எனக்கே லேசா உறுத்துது.

11 அக்டோபர், பெர்ரியில இருந்து

மோட்டார் சைக்கிள கீழ நிறுத்திட்டு மேல வந்து உக்காந்து அந்த 11 எடத்தையும் ஒவ்வொண்ணா பாத்தேன். 5 எடம் "அழகாக", "அருமையாக", "நெஞ்சை அள்ளும்". 3 எடம் பாட்டோட அர்த்தத்தையே திருப்பிச் சொன்னது, அதாவது பொழிப்புரை. 2 எடம் திணை விளக்கம். கடைசி ஒண்ணு முடிவுரையில, "இத்தகைய காதல் இன்றைய இளைஞர்களுக்கு ஒரு பாடமாகும்". அதுக்கு மட்டும் கேள்விக்குறி ரெண்டு.

ஆகக்கூடி 1500 சொல்லுல எங்கயும் நான் ஒண்ணுமே சொல்லல. பாட்டுக்குப் பக்கத்துல நின்னு கைதட்டியிருக்கேன். 8ஆந்தேதி போட்ட வாதத்த இன்னும் வாபஸ் வாங்கல, ஆனா சத்தம் கொறஞ்சிருச்சு.

12 அக்டோபர்

வீட்டுல இது ஜோக்காயிருச்சு. "பசிக்குது"ன்னேன், மனைவி "அதனால?"ங்கறா. மக கிட்ட கணக்குல ஏன் மார்க்கு கொறவுன்னு கேட்டா அவளும் "அதனால?". ஸ்டேண்டர்டு 4 படிக்கிற பொண்ணு.

15 அக்டோபர்

நேத்து கட்டுரைய திருத்தின மேடம்கிட்ட நேரா போய் கேட்டேன், வகுப்பு முடிஞ்சு பத்து நிமிஷந்தான் கெடச்சுது. சண்ட போடற நெனப்புலதான் போனேன். அவங்க ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க: "மலையும் மலை சார்ந்த இடமும்னு எழுதியிருக்கீங்களே, இந்தப் பாட்டுல மல எங்க இருக்கு?"

இல்ல. உண்மையிலயே இல்ல. மல இல்ல, குறிஞ்சிப் பூ இல்ல, தென இல்ல, யான இல்ல, முருகன் இல்ல. அஞ்சு வரியில நெலம்னு வர்றது "செம்புலம்" மட்டும், அதுவும் உவமைக்குள்ள. அப்பறம் எப்படி குறிஞ்சின்னாங்க? முதல் (நெலமும் பொழுதும்), கரு (அங்க உள்ள பூ, மிருகம், சாமி), உரி (மனசுல நடக்கறது)ன்னு மூணு இருக்குல்ல, அதுல முதலும் கருவும் பாட்டுல ஆப்சென்ட்டு, உரிப்பொருள் மட்டுந்தான் இருக்கு, புணர்தலும் அது சம்பந்தப்பட்டதும். அத வச்சு குறிஞ்சி. தொல்காப்பியத்துலயே பாட்டுன்னு வந்தா மூணுல உரிதான் ஒசத்தின்னு கணக்கு. இதெல்லாம் எனக்கு மனப்பாடமா தெரியும், 2003லயே தெரியும். தெரிஞ்சத இந்தப் பாட்டு மேல வச்சுப் பாக்கணும்னுதான் தோணல.

மேடம் சொன்னது: "குறிஞ்சின்னு சொல்றது பகுப்பாய்வு இல்ல. குறிஞ்சிக்குன்னு உள்ள ஒண்ணுமே இல்லாம ஒரு குறிஞ்சிப் பாட்டு ஏன் இப்படி காலியா இருக்குன்னு கேக்கறீங்க பாருங்க, அங்க ஆரம்பிக்குது." திருப்பி எழுதிக் குடுக்க நவம்பர் 2 வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. மேல "மேடத்துக்கு தலக்கனம்"னு எழுதின தம்பி, நானும் அப்படித்தான் நெனச்சேன், அது இல்ல.

18 அக்டோபர், விடியக்கால 4 மணி, பிரேக் டைம்

இது கொஞ்சம் நீளமா போகும்.

நான் பொறந்து வளந்தது கூலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல. லயத்துல (தோட்டத்து வரிச வீடு) இருந்து தமிழ்ப்பள்ளிக்கு பால்மரத்துக்கு நடுவுல செம்மண் ரோடு. மழ பேஞ்சா ரோடே ஓடும். அப்ப வெள்ள சப்பாத்து (ஷூ) போட்டுத்தான் பள்ளிக்கூடம் போகணும், திங்கக்கெழம வெள்ள, புதங்கெழம ஆரஞ்சு. அம்மா தேய்ப்பாங்க, சப்பாத்து வெள்ளைய மேல பூசுவோம், பூசினது காஞ்சதும் அடியில இருந்து செகப்பு மறுபடி எட்டிப் பாக்கும். இந்தப் பாட்ட 20 வருஷமா தெரியும், ஒரு தடவகூட அந்த சப்பாத்து நெனப்புக்கு வரல. நேத்து ராத்திரி மெஷின் முன்னால நிக்கறப்ப வந்துச்சு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. செம்மண்ணுல மழ விழுந்தா யாரு மாறுறது? தண்ணிதான். தண்ணிக்குத்தான் செகப்பு ஏறுது. மண்ணு அப்பயும் செகப்பு, இப்பயும் செகப்பு. "ரெண்டும் ஒண்ணாயிருச்சு"ன்னு நாம எல்லாரும் எழுதறோம், ஆனா இந்த உவமையில ரெண்டு பக்கமும் ஒரே அளவு மாறல. ஒண்ணு எங்கயோ மேல இருந்து வந்து விழுது (பெயல்னா பெய்யறது), நெறம் இல்லாதது. இன்னொண்ணு ஏற்கெனவே அங்க கெடக்குது, நெறம் உள்ளது. அப்ப தலைவன் யாரு, தண்ணியா மண்ணா? அவன் எங்க இருந்தோ வந்தவன், அப்ப தண்ணின்னா, மாறிப்போனது நாந்தான்னு ஒத்துக்கறான். இப்படி எடுத்தா "அழகான காதல்"ங்கறதவிட பெரிசா ஒண்ணு சொல்ல முடியுது இல்ல?

"அதனால?"க்கு இதான் பதில்னு நெனக்கிறேன். உவமை அழகுன்னு நிறுத்தாம, உவமை யாருக்கு என்ன செய்யுதுன்னு கேக்கறது.

18 அக்டோபர், சாயங்காலம்

தூக்கமே வரல. இன்னொண்ணு கண்டுபிடிச்சேன்!! "நெஞ்சம்" ஒருமை. ஆனா "தாம் கலந்தன" பன்மை. ரெண்டு நெஞ்சுன்னா நெஞ்சங்கள்னுல்ல வரணும்? பன்மை வினைய போட்டு எழுவாய மட்டும் ஒருமையில விட்டிருக்காரு, ரெண்டு ஒண்ணானத எலக்கணத்துலயே காட்டிட்டாரு. கட்டுரையோட நடுப்பகுதியே இதான். ஓவர்டைம் பணத்துல எல்லாருக்கும் தே தாரிக் டீ.

19 அக்டோபர்

தே தாரிக் ரத்து. எலக்கணம் படிச்ச அக்கா ஒருத்தங்க கீழ பொறுமையா எழுதியிருக்காங்க: அஃறிணைப் பேரு அப்படியே ஒருமைக்கும் வரும் பன்மைக்கும் வரும், பால்பகா அஃறிணைப் பெயர், "மாடு வந்தது, மாடு வந்தன". சங்கப்பாட்டு பூரா அப்படித்தான். ஆக "நெஞ்சம் கலந்தன" சாதாரண வழக்கு, புலவரு வேலை ஒண்ணும் இல்ல. படிவம் 3லயே படிச்சதுதான், மறந்துட்டேன். நெஞ்சம் கழண்டன.

அக்கா ஒண்ணு சொன்னாங்க, அத விட்டுடக் கூடாது: நெஞ்சத்த விடு, "தாம்"ஐ பாருன்னாங்க. தாமாவே கலந்துச்சு. மேல மூணு வரியும் அம்மா, அப்பா, மொற, பழக்கம்னு சேத்து வைக்கிற வழியெல்லாம் ஒவ்வொண்ணா கேட்டு இல்ல இல்லன்னு தள்ளிட்டு வருது, கடைசியில தாமா நடந்துருச்சுன்னு நிக்குது. அப்ப பாட்டோட எடை உவமையில இல்ல, இந்த ரெண்டெழுத்துச் சொல்லுலயோ?

22 அக்டோபர்

தீபாவளி பலகாரம் இன்னும் தீரல. அப்பா வந்திருந்தாரு, 74 வயசு, பால் வெட்டினவரு, ஆறாங்கிளாஸ் படிப்பு. முறுக்கு தின்னுக்கிட்டே பாட்டச் சொல்லி என் சப்பாத்து தியரியையும் சொன்னேன். கேட்டுட்டு, "மண்ணு மாறலன்னு யாரு சொன்னா? மழ பேஞ்சா மேல்மண்ணு ஓடிருமே, அதுக்குத்தானே சரிவுல வாய்க்கா வெட்டி மேடு போட்டோம்"னாரு. சரி, மண்ணும் மாறுது. பாதி தியரி போச்சு. அப்பறம் ரொம்ப சாதாரணமா, "ஆனா வெயிலடிச்சா தண்ணி போயிரும்லப்பா. மண்ணு அங்கயேதான் கெடக்கும்"னாரு.

எனக்கு முறுக்கு தொண்டையில நின்னுருச்சு. ஏன்னா பாட்டுக்குக் கீழ துறைன்னு ஒரு குறிப்பு இருக்கும்: இயற்கைப் புணர்ச்சிக்கு (ரெண்டு பேரும் தானா சந்திச்சு சேர்றது) அப்பறம், இவன் நம்மள விட்டுப் பிரிஞ்சிருவானோன்னு பயந்த தலைவியோட குறிப்ப பாத்துட்டு தலைவன் சொன்னது. அவ பயமே விட்டுட்டுப் போயிருவான்ங்கறதுதான். அவள தேத்தறதுக்கு அவன் எடுத்த உவமை வெயிலடிச்சா போயிடற தண்ணி! ஆறுதல் சொல்ல வந்தவன் வாயில அவளோட பயமே வந்து உக்காந்திருக்கு. வேணும்னு வச்சாரா தெரியாம வந்துச்சாங்கறது இல்ல கேள்வி, வரியில இருக்கா இல்லயாங்கறதுதான்.

அதுக்கு எதிரா "கலந்தன" இறந்தகாலம். கலக்கும்னு சொல்லல, கலந்தாச்சு. செகப்பாயிட்ட தண்ணிய மறுபடி நெறமில்லாத தண்ணியா பிரிக்க முடியாது, போனாலும் மண்ணுல இருந்த தடம் இருக்கும், என் சப்பாத்து மாதிரி. ரெண்டு பக்கமும் பேசலாம். மொத தடவையா 1500 சொல்லு பத்தாதுன்னு தோணுது.

அப்பா இன்னொண்ணும் சொன்னாரு, இதுக்கு சம்பந்தம் இல்ல, ஆனா எழுதி வைக்கணும். 1950கள்ல சிங்கப்பூர்ல தமிழ் முரசு பத்திரிகை கோ. சாரங்கபாணி "தமிழ் எங்கள் உயிர்"னு நிதி திரட்டினாருல்ல, மலாயாப் பல்கலைக்கழகத்துல தமிழுக்கு எடம் வேணும்னு, ஆளுக்கு ஒரு வெள்ளி (டாலர்)ன்னு கேட்டாங்களே, எங்க தாத்தா குடுத்தாராம். அப்ப ஒரு நாள் கூலியே பெரும்பாடு. தாத்தாவுக்கு கையெழுத்து போடத் தெரியாது, கைநாட்டு. 1956ல இந்திய ஆய்வியல் துறை வந்துச்சு. நான் "அழகாக எடுத்தியம்பியுள்ளார்"னு எழுதி 41 வாங்கறதுக்கா தாத்தா வெள்ளி குடுத்தாரு.

27 அக்டோபர்

8ஆந்தேதி சொன்னத வாபஸ் வாங்கறேன். முழுசா இல்ல, முக்காவாசி.

வாதம், மறுப்பு எல்லாம் வெள்ளக்காரன் பாணின்னு எழுதினேன். பரிமேலழகர எடுத்துப் பாருங்க, கொறளுக்கு தன் உரைய சொல்லிட்டு "என்று உரைப்பாரும் உளர்"னு அடுத்தவங்க சொன்னத எடுத்துப் போட்டு, பல எடத்துல அது ஏன் பொருந்தாதுன்னு காரணமும் சொல்வாரு. 13ஆம் நூற்றாண்டு. அப்ப எந்த வெள்ளக்காரன் வந்தான் இங்க? "உரைப்பாரும் உளர்"ங்கறதுதான் மேடம் கேட்ட எதிர்வாதம், பேருதான் வேற. நானா தமிழ்முறைன்னு நெனச்சுக்கிட்டு இருந்தது பரீட்சைக்கு முன்ன போட்டோஸ்டேட் கடையில வாங்கின நோட்டு முறை, அதுக்கு வயசு நாப்பதுகூட இருக்காது.

குறுந்தொகைக்கே பேராசிரியர்ங்கற பழைய உரைகாரர் 380 பாட்டுக்கும் நச்சினார்க்கினியர் அவரு விட்ட 20க்கும் உரை எழுதினதா சொல்றாங்க, ரெண்டுமே நமக்கு கெடைக்கல. கெடச்சிருந்தா இந்த தண்ணி மண்ணு சண்டைய அவங்களே போட்டு முடிச்சிருப்பாங்களோ என்னவோ. நான் வச்சிருக்கிறது 1937ல உ.வே.சா. போட்ட பதிப்போட மறுபதிப்பு, அட்டை இல்லாதது.

அந்தத் துறைக் குறிப்பு பத்தியும் ஒரு ரெண்டாவது யோசன. அது பாட்டோட பொறந்தது இல்ல, பின்னால தொகுத்தவங்களோ படிச்சவங்களோ சேத்ததுன்னுதான் ஆராய்ச்சிக்காரங்க பெரும்பாலும் சொல்றாங்க. அப்படின்னா துறையே ஒருத்தரோட வாசிப்பு. அத கையால மறச்சுட்டு அஞ்சு வரிய மட்டும் படிங்க. பேசறது ஆணுன்னு எங்க இருக்கு? யான், நீ, எந்தை, நுந்தை, ஒண்ணுலயும் ஆண் பெண் இல்ல. அவளே சொல்லியிருக்கலாம். அவ சொன்னதா வச்சா மொத மூணு கேள்வியும் வேற மாதிரி கேக்குது, "எங்கம்மாவுக்கும் ஒங்கம்மாவுக்கும் என்ன சம்பந்தம்"னு ஒரு பொண்ணு கேட்டா அதுல பயமும் இருக்கும் துணிச்சலும் இருக்கும். என் மனைவிகிட்ட படிச்சுக் காட்டினேன். நாங்க லவ் மேரேஜ், ரெண்டு வீட்டுலயும் ஆறு மாசம் பேச்சு வார்த்த இல்ல. "இது பொம்பளதான் சொன்னது"ன்னா. "அதனால?"ன்னேன். கரண்டிய தூக்கிட்டா.

29 அக்டோபர்

எங்க வகுப்புல ஒருத்தரு ஏஐ செயலிகிட்ட கேட்டு கட்டுரைய வாங்கி அனுப்பிட்டாரு. அதுல "செம்புலம் சேர்ந்த சிறுதுளி"ன்னு ஒரு மேற்கோளு, குறுந்தொகை 412ஆம் பாட்டுன்னு. குறுந்தொகையில கடவுள் வாழ்த்தோட சேத்தே 402தான். மேடம் அவருக்கு ஒரே வரி: "இந்தப் பாட்ட எனக்கும் காட்டுங்க."

2 நவம்பர், ராத்திரி 10 மணி

அனுப்பிட்டேன். என்ன செஞ்சேன்னு கேட்டவங்களுக்கு மட்டும்: முன்னுரையில புலவரு, சங்க காலம், எட்டுத்தொகை எல்லாத்தையும் வெட்டினேன், வலிச்சுது. மொத வரி இப்படி: "தலைவியின் அச்சத்தைப் போக்கச் சொல்லப்படும் உவமைக்குள்ளேயே அந்த அச்சம் தங்கியிருக்கிறது." அப்பறம் கேள்வி மூணு, தாம், பெயல், கலந்தன. சப்பாத்தப் பத்தி ஒரு வரிகூட இல்ல, எழுதிப் பாத்தேன், கட்டுரை என்னப் பத்தினதா போயிருச்சு, எடுத்துட்டேன். அப்பா சொன்னத எப்படி மேற்கோள் காட்டறதுன்னு தெரியல, அடிக்குறிப்புல "நேர்ப்பேச்சு"ன்னு போட்டேன். பொண்ணு பேசறதா படிக்கலாங்கறத "என்பாரும் உளர்"னு கடைசிக்கு முந்தின பாராவுல வச்சேன். உளர்ங்கறது என் மனைவி ஒருத்திதான்.

"பிரிவுன்னா பாலைத் திணைல்ல, அதயும் சொல்லணும்"னு ஒருத்தர் எழுதியிருந்தீங்க. யோசிச்சேன், இங்க பிரிவு நடக்கல, பயந்தான் இருக்கு, அதனால தொடல. தப்பா இருக்கலாம்.

3 நவம்பர்

காலையில பெர்ரியில வர்றப்ப, ராத்திரி பூரா பேஞ்ச மழைக்கு பிறை ஆறு கலங்கி கடல்ல வந்து சேருது, டீத்தண்ணி நெறத்துல ஒரு பட்டை, பக்கத்துல கடல் பச்சையா. ரொம்ப தூரத்துக்கு ரெண்டும் ஒட்டாம கோடு போட்ட மாதிரி போச்சு. கலக்கறதுக்கு இவ்வளவு நேரம் ஆகும்னா "தாங்கலந்தனவே"ய அவ்வளவு சட்டுனு படிச்சிருக்கக் கூடாதோ. அனுப்பி 10 மணி நேரந்தான் ஆவுது. வயித்தெரிச்சல்.

16 நவம்பர்

63. "அதனால?" ரெண்டே ரெண்டு எடம், ரெண்டும் நியாயம். ஒண்ணு "தாம்" பத்தி எழுதின எடத்துல, சொல்லிட்டு ஏன்னு சொல்லாம ஓடியிருக்கேன். "நேர்ப்பேச்சு" அடிக்குறிப்புக்குப் பக்கத்துல "அப்பாவுக்கு என் வணக்கம்"னு எழுதியிருக்காங்க. போன்ல படிச்சுக் காட்டினேன், "எத்தன மார்க்கு"ன்னு மட்டும் கேட்டாரு.

அடுத்த கட்டுரை மலேசியச் சிறுகதை, தோட்டத்துக் கத ஏதாச்சும் ஒண்ண நாமளே தேர்ந்தெடுக்கணும், 2000 சொல்லு. எனக்கு தோட்டம்னாலே கண்ணு கலங்கிரும், கைதட்ட ஆரம்பிச்சிருவேன், அதான் பயம். யார்கிட்டயாச்சும் 60, 70கள்ல வந்த சிறுகதைத் தொகுப்பு இருந்தா சொல்லுங்க, ஞாயித்துக்கெழம பெர்ரி நிக்கற எடத்துக்கு வந்து வாங்கிக்கிறேன், நகல் எடுத்துட்டு அடுத்த வாரமே திருப்பிக் குடுத்துருவேன்.